முதல் வாரம் வீட்டருகே

சென்ற தை மாதத்தில், சேர்த்து வைத்திருந்த விடுப்பில் ஐந்து வாரங்களை எடுத்துக்கொண்டு, கோவையிலிருந்து காரில் தனியாக நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டோம். பயணத் திட்டத்தைக் கண்ட கிளை நண்பர்கள் நகைத்தனர். "வடக்கே போகிறவர் முதல் வாரத்தைப் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கழிப்பானேன்? அவை ஞாயிற்றுக்கிழமை போய்வரும் ஊர்களாயிற்றே!" என்றனர். உண்மையைச் சொன்னால், அது தொலைநோக்கால் எடுத்த முடிவன்று. மலைகளின்மீது கொண்ட விருப்பத்தால் எடுத்ததே. ஆயினும் திரும்பி வந்து கணக்குப் பார்க்கையில், எஞ்சிய நான்கு வாரங்களையும் காத்தது அந்த முதல் வாரமே என்று தெரிகிறது. நெடும்பயணத்தைத் தனியாக மேற்கொள்வோர் முதல் ஏழு நாள்களை, அரை நாளில் வீடு திரும்பக்கூடிய தொலைவிலேயே கழிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களை வாடிக்கையாளர்களாகிய உங்கள்முன் வைக்கிறோம்.

கோவையிலிருந்து பாலக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடையில் வாளையாறு. வணிகவியல் படித்த எவருக்கும் அவ்வூர் ஒரு பாடம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீக்கப்படும்வரை, அங்கே சரக்கு லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கும். தவணை கட்டத் தாமதித்த லாரி உரிமையாளர்கள் அந்நாளில் நம்மிடம் கூறிய காரணங்களில் வாளையாறு அடிக்கடி இடம்பெற்றதுண்டு. இப்போது அவ்விடத்தை நொடியில் கடந்துவிடுகிறோம். கணவாயின் காற்றும், வயல் வரப்புகளில் நிற்கும் பனைகளும் இருபுறமும் ஒன்றே. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே பிரியும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் கோவை அருந்தும் சிறுவாணி நீர், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அணையிலிருந்தே வருகிறது. வரைபடத்தில் கோடு உண்டு. வாழ்க்கையில் அக்கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை.

தனிப் பயணிக்கு இத்தகைய எல்லைப்புறமே நல்ல பள்ளிக்கூடம். மொழி மாறுகிறது, ஆனால் முற்றிலும் மாறிவிடுவதில்லை. வழி கேட்கவும், விலை விசாரிக்கவும், உதவி வேண்டவும் கூச்சமின்றிப் பழகலாம். நாற்பது வயதைக் கடந்து, மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிறர் கேட்க விடை சொல்லியே பழகிய நம் போன்றோர்க்கு, கேட்பது எளிதில் வருவதில்லை.

மூன்றாம் நாள் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் சென்றோம். அந்தக் காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் செல்லும் சாலை தமிழகத்தின் வழியே. அணை கேரள மண்ணில்; அதைப் பராமரிப்பது தமிழகம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. இரண்டு மாநிலங்கள் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, அதன்படி நீரைப் பகிர்ந்துகொள்ளும் அவ்விடத்தில்தான், தாளின் அருமையை நாம் உணர நேர்ந்தது.

மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். அன்று மாலை நம் கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டவில்லை. 'காடுதானே, அவர்களுக்குத் தெரியாதா' என்று உறங்கிவிட்டோம். மறுநாள் முற்பகலில் மலையிறங்கி வந்த பின்னரே பேச முடிந்தது. மனைவி சினக்கவில்லை, சினந்திருந்தால் தாங்கியிருப்போம். "ஏனுங்க, அந்த இன்சூரன்ஸ் பேப்பரு, பாஸ்புக்கு எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க? ராத்திரியெல்லாம் தேடினேன்," என்று மட்டும் கேட்டார். அம்மா இரவு உணவைத் தொடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு மகள் சொன்னாள்.

சாலையோரம் காரை நிறுத்தி வெகுநேரம் அமர்ந்திருந்தோம். குடும்பத் தலைவரை இழந்தவர்கள், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே அறியாமல், பழைய சட்டைப்பையில் கிடைத்த ஒரு சீட்டுடன் நம் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறோம். "முன்னமே எழுதி வைத்திருக்கக் கூடாதா?" என்று மனத்துக்குள் கேட்டுமிருக்கிறோம். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை நம்முடையதாயிற்று.

அன்று பொள்ளாச்சியில் ஓர் அறை எடுத்து, பயணத்தை ஒரு நாள் நிறுத்தினோம். வங்கிக் கணக்குகள், வைப்புகள், காப்பீடுகள், கடன்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, படமெடுத்து மனைவிக்கு அனுப்பினோம். கடவுச்சொல்லோ இரகசிய எண்ணோ அதில் இல்லை. எது எங்கே உள்ளது என்பது மட்டுமே. எழுதுகையில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. பழைய வைப்பு ஒன்றில் நியமனதாரராகத் தந்தையாரின் பெயரே இருந்தது. அவர் காலமாகி ஆண்டுகள் பல. காப்பீட்டிலும் ஒரு குறை: வாகன உரிமையாளரே ஓட்டுநராக இருப்பின் அவருக்கென உள்ள 15 லட்சம் ரூபாய்க் கட்டாய விபத்துக் காப்பீடு, வாகனம் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருக்கே உரியது. நம் காரோ மனைவியின் பெயரில் இருந்தது! ஐந்து வாரம் தனியே ஓட்டப் புறப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தனி விபத்துக் காப்பீடு ஒன்றை அன்றே எடுத்தோம். நியமனதாரர் மாற்றத்திற்கான படிவத்தையும் நிரப்பினோம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்க. நியமனம் என்பது வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும் உரிமை. சட்டப்படியான வாரிசுகளின் பங்கு அதனால் மறைந்துவிடாது என்பதையும் அறிக.

இக்குறைகள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெளிப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? 'வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போட்டிருப்போம். அருகில் இருந்ததால் திருத்திக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் ஏறினோம். மழை மறைவுப் பகுதியான சின்னாற்றின் முள்மரக் காடு முடிந்ததும், கரும்புத் தோட்டங்களும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் தென்படுகின்றன. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கொட்டகை ஒன்றில் நான்கு கிலோ எடைபோடச் சொல்லிவிட்டு, கைப்பேசியை நீட்டினோம். சிக்னல் இல்லை. பையில் இருந்தது நூறு ரூபாய். மின்னணுப் பணப்பரிமாற்றத்தைப் பரப்புவதைக் கடமையாகக் கொண்ட நாம் விழித்து நின்றோம். காய்ச்சுபவர் பொட்டலத்தைக் கையில் திணித்து, "எடுத்துட்டுப் போங்கண்ணே, திரும்பறப்பக் குடுங்க," என்றார். நம் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பிணையம் இல்லை, கையொப்பம் இல்லை. கடைத்தெரு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்து அன்றே திரும்பிச் சென்று கொடுத்தோம். அதன்பின் பயணம் முடியும்வரை இரண்டு நாள் செலவுக்கான தொகையைச் சிறு நோட்டுகளாக வைத்திருந்தோம்.

மூணாற்றிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் இறங்கிய காலையில், எதிரே ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருந்தனர். நாம் ஒருமுறை கடந்து பெருமை கொள்ளும் எல்லையை அவர்கள் விடியலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கடக்கின்றனர். ஆபத்தும் அவர்களுக்கே மிகுதி. மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் தொழிலாளர் குடியிருப்பு மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டதை மறக்கலாகாது. வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பவில்லையெனில் எந்த வீட்டில் விளக்கு அணையாதிருக்கும் என்பதை அந்த ஜீப்பில் உள்ள ஒவ்வொருவரும் அறிவர். தனியாகச் செல்வது வீரம் என்று எண்ணிப் புறப்பட்ட நமக்கு அவர்களைக் கண்டதும் நாணமே வந்தது.

'உடலில் தெம்பும் உள்ளத்தில் ஊக்கமும் உள்ள முதல் வாரத்தில்தான் அதிகத் தொலைவைக் கடக்க வேண்டும்' என்பார் உளர். ஒப்புக்கொள்கிறோம், ஊக்கம் அப்போதுதான் மிகுதி. ஆனால் அந்த ஊக்கமே மறதியையும் மறைக்கிறது. புதிய தொழிலுக்குக் கடன் வழங்கும்போது முதல் தவணையை முழுதாக வழங்காமல், சிறிது கொடுத்துப் பணி நடப்பதைப் பார்த்து மீதியைத் தருகிறோம். தொழில்முனைவோரை நம்பாமல் அன்று. குறைகள் சிறிதாக இருக்கும்போதே அவர் காணட்டும் என்பதற்காக. பயணமும் அவ்வாறே. அந்த வாரம் முழுவதும் நாம் கடந்தது ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் ஒரே நாளில் முடியும் தொலைவு. அதில் அறிந்துகொண்டவை மட்டும் ஒரு நாளில் அறியக்கூடியவை அல்ல.

ஏழாம் நாள் மாலை குமுளியில் இருந்தோம். ஆறரை மணிக்கே வீட்டுக்குப் பேசினோம். மறுநாள் எந்த ஊர், எந்த விடுதி, எங்கே தொடர்பு கிடைக்காது, எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என அனைத்தையும் சொன்னோம். அம்மா கைப்பேசியை வாங்கி, "சாப்பிட்டயாப்பா?" என்றார். "நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று முதன்முறையாக நாம் திருப்பிக் கேட்டோம். சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். மறுநாள் விடியலில் வண்டியை வடக்கே திருப்பினோம்.