வடிகால் கணக்கு எங்கே?

பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் பக்கத்துத் தெருவின் மழைநீர் வடிகால் எப்போது தூர்வாரப்பட்டது, என்ன செலவு என்று தெரிய ஒருவர் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டுமா?

கேட்காமலேயே வெளியிடு என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. சட்டம் 2005-இல் வந்தது.

தகவல் கையில் இருந்தால் என்ன செய்யலாம்? நகரத் திட்டமிடல் வல்லுநர் நித்யா ராமன் தொடங்கிய ‘டிரான்ஸ்பரன்ட் சென்னை’ என்ற ஆய்வுத் திட்டம் மாநகரின் பொதுக் கழிப்பறைகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியது. அப்படி ஒரு வேலைக்கு, முத்திரை குத்தி ஸ்கேன் செய்த பிடிஎஃப் உதவாது. கூட்டிக் கழித்துப் பார்க்க எக்செல் கோப்பு வேண்டும்.

பட்டாபிராமை உள்ளடக்கிய, 2019-இல் மாநகராட்சியான ஆவடி, வார்டு வாரியான வடிகால் கணக்கை அடுத்த பருவமழைக்கு முன்பே இணையத்தில் ஏற்றட்டும்.