மாட்டுக்குக் கீரை, மருமகளுக்கு வெறுஞ்சோறு!

கடற்பாசிப் பொடியென்றும் சுருள்பாசி மாத்திரையென்றும் சொல்லிக்கொண்டு ஒரு புது வியாபாரம் சில காலமாக நாடெங்கும் நடந்து வருகின்றது. நீரிழிவு, மூட்டுவலி, மலட்டுத்தனம், தலைமயிர் உதிர்வு ஆகிய அத்தனைக்கும் இதுவே மருந்தென்று விளம்பரம் செய்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் திருவண்ணாமலைக்குப் பக்கத்திலிருக்கும் நமது கீழ்பென்னாத்தூருக்கு மாத்திரம் இந்தச் சரக்கு வராமல் இருக்குமா? முன்பு தாயத்து விற்றவனும் இப்போது பாசி மாத்திரை விற்பவனும் வாயைத் திறந்தால் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கின்றது.

இதற்கு நேர் எதிராக மற்றொரு கூட்டம் இருக்கின்றது. "பாசியைத் தின்பதா? அது சீனாக்காரன் ஜப்பான்காரன் ஆகாரமல்லவா? நமது ஆசாரத்திற்கு ஒத்துவருமா?" என்று முகஞ்சுளிப்பது அவர்கள் வழக்கம். நாம் இந்த இரு கூட்டத்தாரையும் ஒருங்கே மறுக்கின்றோம். ஒருவன் அறிவில்லாமல் தின்னச் சொல்லுகிறான். மற்றவன் அறிவில்லாமல் தின்னாதே என்கிறான். இரண்டு பேரும் மனிதன் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களாகத் தெரியவில்லை.

முதலில் ஆசாரக்காரருக்குப் பதில் சொல்லுவோம். நமது தாலூகாவில் காசு கொடுக்கும் பயிர் எது? மல்லாட்டை. அதன் சரியான பெயர் மணிலாக் கொட்டை. பெயரிலேயே பிலிப்பைன் தீவின் பட்டணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சொந்த ஊரோ தென் அமெரிக்கா. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவையும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்குகளே. இவையெல்லாம் வந்து அடுப்பேறிய பிறகும் திவசத்தன்று மட்டும் மிளகாயைத் தள்ளி மிளகைப் போடுகிறார்கள். மற்ற நாட்களில் மிளகாய் இல்லாமல் குழம்பு இறங்குகிறதா? உயிரோடிருப்பவனுக்கு ஒத்துக்கொண்ட மிளகாய் செத்தவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமற் போன காரணம் என்ன?

பாசியும் நமக்கு அந்நியமல்ல. நோன்புக் காலத்தில் நமது முஸ்லிம் சகோதரர்கள் பாலும் சர்க்கரையும் விட்டுக் கடல்பாசி காய்ச்சி ஆறவைத்துச் சாப்பிடுவதை யார் அறியார்? இராமநாதபுரத்துக் கடலில் கிடைக்கும் ஒரு பாசிக்குக் கஞ்சிப்பாசியென்றே பெயர். அந்தக் கடற்கரையில் ஏழைப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முழுகிப் பாசி பறிக்கிறார்கள். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டதிலிருந்து வனத்துறையின் கெடுபிடி வேறு. இப்படிப் பறித்துக் காயவைத்த பாசி வியாபாரி கையில் போய், ஆலையில் அகர் ஆகி, ஐஸ்கிரீமிலும் மருந்திலும் மிட்டாயிலும் சேர்கின்றது. பறித்தவளுக்குக் கிலோவுக்கு இவ்வளவென்று கூலி. பெட்டியிலடைத்து ஆங்கிலப் பெயர் வைத்தவனுக்கு லாபம். இந்தக் கணக்கு நெல்லிலும் மல்லாட்டையிலும் நாம் பார்த்த கணக்குத்தான்.

ஜப்பான்காரன் பாசியைத் தின்று வாழ்கிறான் என்கிறார்களே, அவனுக்கு அந்தப் பாசி எப்படிக் கிடைத்ததென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர்கள் நோரி என்று சொல்லும் பாசி ஒரு வருஷம் ஏராளமாக விளையும், மறு வருஷம் அடியோடு பொய்க்கும். அதனால் அதைச் சூதாட்டப் புல்லென்றே அழைத்தார்கள். விதை எங்கேயிருந்து வருகிறது, கோடையில் எங்கே போய் ஒளிகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. 1949-ல் இங்கிலாந்து தேசத்து காத்லீன் ட்ரூ பேக்கர் என்னும் அம்மையார், அது கோடைகாலத்தைக் கிளிஞ்சல் ஓட்டுக்குள் வேறொரு உருவில் கழிக்கிறதென்று கண்டுபிடித்து வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் ஜப்பான்காரர் கிளிஞ்சலில் விதையை வளர்த்து வேண்டியபோது விளைவிக்கக் கற்றார்கள். இந்த அம்மையார் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் உபாத்தியாயினியாக இருந்தவர். கலியாணம் ஆன பெண்ணுக்கு வேலையில்லையென்ற விதியால் வேலையிழந்து, சம்பளமின்றி ஆராய்ச்சி செய்தவர். ஒரு நாளும் ஜப்பானைக் கண்ணால் பார்க்காதவர். 1963-ல் அங்குள்ள பாசி விவசாயிகள் அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பி, வருஷந்தோறும் ஏப்ரல் 14-ல் விழா எடுக்கிறார்கள். கடலன்னை என்று அவருக்குப் பட்டம் சூட்டியதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டம் பெற்றவர் ஏதோ ஒன்று செய்துவிட்டுப் பெற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பொடி வியாபாரிக்கு வருவோம். கடற்பாசியில் அயோடின் உண்டு என்பது உண்மை. 1811-ல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் அயோடினைக் கண்டதே பாசிச் சாம்பலிலிருந்துதான். அது குறைந்தால் தொண்டையில் கழலை விழும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை கெடும். ஆனால் வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராமே. கெல்ப் என்னும் பெரும்பாசியில் உலர்ந்த ஒரு கிராமிலேயே இதற்குப் பத்து மடங்கு இருப்பதுண்டு. அளவு தெரியாமல் அள்ளிப்போட்டால் கழுத்துச் சுரப்பி கெடுமேயன்றிச் சீர்ப்படாது. தைராய்டு நோயுள்ளவர் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. நமக்கோ அயோடின் கலந்த உப்பு மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. கலவாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாதென்று 2006 முதல் சட்டமும் இருக்கிறது. விற்பனைக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறையக்கூடாது. உப்புப் பொட்டலம் செய்கிற வேலைக்குப் பொடி டப்பா எதற்கு?

மாமிசம் தின்னாதவர்களுக்குக் குறையும் பி-12 சத்து சுருள்பாசியில் நிறைய உண்டென்பது மற்றொரு புளுகு. சுருள்பாசி கடற்பாசியே அல்ல. அதிலிருக்கும் பி-12 பெரும்பாலும் போலி. மனித உடம்பு அதை உபயோகிக்காது. பால், தயிர், முட்டை, மீன் எதையுமே தொடமாட்டோம் என்பவர்கள் பி-12 மாத்திரையைத்தான் விழுங்க வேண்டும். பாசியை மற்ற நாட்டார் காய்கறியைப்போல் கொஞ்சமாகத் தின்கிறார்கள். அப்படிக் கிடைத்தால் நாமும் தின்னலாம், தோஷமில்லை. நாம் கேட்பது வேறு. கடலுக்கு வெகுதூரத்திலிருக்கும் நாம், கொல்லையிலிருப்பதை ஒழுங்காகத் தின்கிறோமா?

அமாவாசை வந்தால் கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு விற்கிறது. வாங்குகிறவன் அதை வீட்டுக்கா கொண்டு போகிறான்? பிதிர்க்கள் திருப்தியடைவார்களென்று பசுவின் வாயில் கொடுக்கிறான். அந்தப் பசு காலையிலிருந்து எத்தனையோ கட்டுத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. அவன் வீட்டிலோ ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் ரசஞ்சோறும் அப்பளமும் தின்றுகொண்டிருக்கிறாள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை. செத்த பாட்டனுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமா, அல்லது உயிரோடிருக்கும் பெண்ணுக்கு வேண்டுமா?

ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் துவாதசியன்று அகத்தியும் நெல்லிக்காயும் சேர்த்துத் தின்னச் சொல்லியிருக்கிறார்களே என்று வைதீகர் கிளம்பக்கூடும். நல்ல சேர்க்கைதான், மறுக்கவில்லை. கீரையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்க நெல்லி, எலுமிச்சையின் புளிப்புச் சத்து உதவுகிறது. அவ்வளவு நல்லதென்றால் மாதத்தில் இரண்டு நாளைக்கு மட்டும் ஏன்? அதுவும் விரதம் இருந்தவனுக்கு மட்டும் ஏன்?

ஆடி மாதக் கூழும் இப்படித்தான். மாரியம்மன் கோயிலில் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள். குடிப்பதற்குப் போட்டி. ஆடி போனால் கூழ் குடிப்பவன் கேவலமானவன், சோறு தின்பவனே கௌரவமானவன். சோற்றிலேயும் ஜாதி வைத்த நாடு நமது நாடு! கம்பும் கேழ்வரகும் சாமையும் தின்ற ஜனங்களைக் கூழ்குடியென்று இழித்துப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அதையே பளபளப்பான பையில் சிறுதானியமென்று வாங்குகிறார்கள். சாமை விளைவிக்கும் ஜவ்வாதுமலைக்காரன் வீட்டிலோ ரேஷன் அரிசி உலை கொதிக்கிறது.

வெள்ளைச் சோற்றின் யோக்கியதை இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. குன்னூரில் மெக்காரிசன் என்னும் வைத்தியர் 1920-களில் இந்தியாவின் பல பாகத்து உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோற்றை மிகுதியாகக் கொண்ட நமது சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகளே எல்லாவற்றிலும் மெலிந்து கிடந்தன. எலிகளுக்கு ஜாதி கிடையாது, அமாவாசை கிடையாது. ஆதலால் தின்றதற்குத் தக்கபடி வளர்ந்தன. அந்தக் குன்னூர் ஆராய்ச்சிசாலைதான் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் நடக்கிறது.

கீரை தின்றால் சோகை பறந்துபோகும் என்று நாமும் ஒரு புளுகுப் பொடி விற்கக் கிளம்பவில்லை. கீரையிலிருந்து உடம்பு ஏற்கும் இரும்பு கொஞ்சமே. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதுவும் குறையும். கர்ப்பிணிகள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டும். அதோடு முருங்கைக்கீரை, அகத்தி, பயறு, வேகவைத்த மல்லாட்டை, கேழ்வரகு இவைகளில் ஏதாவதொன்று தினந்தோறும் இலையில் விழவேண்டும். ஆண்கள் தின்று மிஞ்சியதைப் பெண்கள் வழித்துத் தின்னும் வழக்கம் ஒழியாத வீட்டில் எந்தச் சத்துப் பொருளும் பலன் தராது. இதற்கு ஜப்பானும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

அடுத்த அமாவாசைக்கு வாங்கும் அகத்திக் கட்டை அடுப்பில் ஏற்றிப் பாருங்கள், தோழர்களே. அப்படி ஏற்றிய வீட்டில் பிதிர்க்கள் கோபித்துக்கொண்டார்களென்று ருசுப்படுத்தக்கூடிய வைதீகர் யாரேனும் இருந்தால், தக்க சாட்சியத்துடன் எழுதியனுப்பட்டும். ஓர் எழுத்தும் குறைக்காமல் பிரசுரிக்கின்றோம்.