'டிக்'... அப்புறம் மௌனம்!

'செல்ஃப் எடுக்கலை' என்பதை நாம் சுத்தத் தமிழாகவே ஆக்கிவிட்டோம். வண்டிக்கு மட்டுமில்லை, மனுஷனுக்கும் அதே வார்த்தைதான். திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் பாருங்கள், பாதிப் பேருக்கு எடுக்காது! 1911-ல் காடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர்தான் இதற்கெல்லாம் மூலம். 1955-ல் சென்னைப் பக்கம் தயாராக ஆரம்பித்த புல்லட்டுக்கு அந்தப் பாக்கியம் ரொம்ப வருஷம் கிடைக்கவில்லை. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு ஓர் உதை. அவ்வளவுதான்.

நாகல் நகரில் இருக்கும் என் மாமாவின் பழைய புல்லட், செல்ஃப் வைத்த ரகம். அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி உதைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. இந்த நேரம் பார்த்து, வண்டிக்குப் புது பெயின்ட் அடித்து வந்த மறுநாள், பட்டனை அமுக்கினால் 'டிக்'. புது பேட்டரி போட்டார். 'டிக்'. மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார். 'டிக்'. "பேசாம வித்துருங்க" என்று அத்தை ஆள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை.

பூட்டுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. பூட்டு திறக்கவில்லை என்றால் கதவையா மாற்றுவோம்? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, மல்ட்டிமீட்டரை எடுத்தார்.

"டிக்குங்குதுல்ல? அப்ப ரிலேக்கு உசுரு இருக்கு. மோட்டார் மட்டும் விர்ருனு சுத்தி, எஞ்சின் சும்மா கெடந்தா ஸ்ப்ராக் கிளட்ச். இது அதில்ல தம்பி. கரன்ட் வழியில எங்கயோ நிக்குது."

என்னைப் பட்டனை அமுக்கச் சொல்லி, அமுக்கும்போதே அளந்தார். (சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லா வயரும் யோக்கியன்தான்.) பேட்டரியில் 11.9 வோல்ட். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 7.1. பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? "பாக்கி 4.8 எங்கண்ணே?" என்றேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ரிலே வழியாக மோட்டார் வரை 0.3. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே... 4.5! ட்ரையல் பேலன்ஸ் பைசா சுத்தமாக டேலி. கிர்க்காஃப் என்ற ஜெர்மானியர் 1845-ல் இதைத்தான் விதியாக எழுதினார். அவர் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியாரிடம் டியூஷன் படித்திருக்க வேண்டும்.

திருடன் அகப்பட்டான். எர்த் வயர் ஃபிரேமில் சேருகிற இடத்தில், பளபளவென்று புது பெயின்ட்!

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுதேண்ணே?"

"லைட்டுக்கு அஞ்சு ஆம்பியர் போதும். மோட்டார் எம்பது கேக்கும். வீட்டுக் கொழாய்ல வர்ற தண்ணிய வச்சு கல்யாணப் பந்தி நடத்த முடியுமா?"

மைனஸ் வயரை முதலில் கழற்றினார். எமரி பேப்பரால் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன். மறுபடி அளந்தால் 0.2. பட்டனை அமுக்கினேன். தட்... தட்... தட்!

கூலி 200 ரூபாய். மாமா இப்போது தினமும் ஆத்தூர் வரை போய் வருகிறார். அத்தை மட்டும் புது பேட்டரி, கார்பன் பிரஷ், மோட்டார் கழற்றிய கூலி என்று வரிசையாக எழுதி, கூட்டிப் போட்டு வைத்திருக்கிறார். தீபாவளிப் புடவை அந்தத் தொகைக்காம்!