பகிடியா, வதையா?

பகிடிவதை என்னும் சொல்லை ஆக்கியவர் எவரோ, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டைச் சேர்த்து முடிந்துவிட்டார். பகிடி என்றால் இருவரும் சிரிக்க வேண்டும். ஒருவன் சிரிக்க மற்றவன் நடுங்குவதற்கு வதை என்ற சொல் ஒன்றே போதும்.

இவ்வதைக்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவோர் உளர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் வறியோர் பிள்ளையும் ஒரே உடையில் ஒரே தரையில் இருத்தப்படுவதால் வர்க்க பேதம் அழியுமாம்! அழிந்ததா? வசதியுள்ளவன் வெளியே அறை எடுத்துக்கொள்கின்றான். செல்வாக்குள்ள மாமனாருக்குத் தொலைபேசியிற் சொல்கின்றான். மருதமுனை நெசவாளியின் மகளும் நிந்தவூர் விவசாயியின் மகனும் மகாபொலப் பணத்தை நம்பி விடுதிக்கு வருகின்றனர். அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. வதையின் முழுப் பாரமும் அவர்கள் தோளிலேயே விழுகின்றது. சமத்துவம் பேசுவோர் ஓராண்டு மூப்பினைப் புதியதொரு சாதியாக்கியதே கண்ட பலன்.

1975இல் பேராதனை இராமநாதன் மண்டபத்தின் மாடியிலிருந்து, பகிடிவதைக்கு அஞ்சிக் குதித்த ரூபா ரத்னசீலி நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ், வலிந்து செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அளவிறந்த பயிற்சியில் தசை சிதையும். சிதைந்த தசையின் கழிவு குருதிவழிச் சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ‘சும்மா தோப்புக்கரணம்தானே’ என்போர் இதனை அறிதல் நன்று. மறு ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், கடுங்காயத்துக்கும் பாலியற் கொடுமைக்கும் பத்தாண்டு வரையும் சிறை என அது விதித்தது. சட்டம் நூலகத்தில் உறங்குகின்றது.

பேராதனை தூரம் என்று நம் கரையோரத்தார் ஆறுதல் கொள்ள இடமில்லை. ஒலுவிலிலும் 2025இல் பகிடிவதைக்காக மாணவர்க்கு வகுப்புத்தடை விதிக்கப்பட்டது. இப்பல்கலைக்கழகம் எழுந்த வரலாற்றை நினைந்தால் நெஞ்சு பொறுக்குமா? போர்க்கால அச்சத்தால் வேறிடங்களிற் கற்க இயலாது திரும்பிய நம் பிள்ளைகளுக்கென, எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இற் கல்லூரியாகத் தொடங்கி, 1996இற் பல்கலைக்கழகமானது இது. அச்சத்திற்கு ஒதுங்கிய கூரையின் கீழேயே அச்சத்தை வளர்க்கின்றோம்.

இவ்வாண்டு பட்டவன் மறு ஆண்டு படுத்துபவனாகின்றான். தன்னை வருத்தியவனை விட்டுவிட்டு, தனக்கொரு தீங்கும் செய்யாத இளையவனிடம் வட்டியோடு அறவிடும் விந்தையான வணிகம் இது. விரிவுரையாளர் சிலரும் ‘நாங்களும் பட்டவர்கள்தாம்’ என்று தேநீர் மேசையிற் சிரிக்கின்றனர். (அச்சிரிப்பை வாயிலுக்கு வெளியே நிற்கும் மாணவனும் கேட்கின்றான்.) பட்டவன் முறையிடட்டும் என்று காத்திருப்பது நேர்மையன்று. முறையிட்டவன் அன்றிரவே அதே விடுதிக்குத்தான் திரும்ப வேண்டும். எனவே முறைப்பாடு ஆசிரியரிடமிருந்தே எழுதல் வேண்டும்.

அடுத்த புதுமுக அணி வந்திறங்கும் இரவில் விடுதி வாயிலில் நிற்கப்போகும் விரிவுரையாளர் யார், யார்? பெயர்களை இப்போதே எழுதித் தருவார்களா?