கேம் செய்ய கேமிங் பிசி எதற்கு?

"கேம் டெவலப்மென்ட் பண்ணணுமா? அப்போ முதல்ல நல்ல கேமிங் பிசி ஒண்ணு போடு." சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும், கல்லூரி விடுதிகளிலும், யூடியூப் வீடியோக்களிலும் அலுக்காமல் சொல்லப்படும் அறிவுரை இது. கையிலுள்ள காசுக்குக் கிடைப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாத வளைந்த மானிட்டர், முடிந்தால் அதுவும் 4கே. மிச்சம் இருந்தால் ரேம், டிஸ்க். லட்சத்தைத் தாண்டும் இந்தப் பட்டியலைப் பார்த்து, "பணம் சேரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. கடன் வாங்கி அப்படியே வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் நஷ்டம்தான். கேம் ஆடுகிறவரின் தேவையைக் கேம் செய்கிறவரின் தேவை என்று எடுத்துக்கொண்டதில் வந்த நஷ்டம் அது.

ஆடுகிறவருக்குக் கேம் ஏற்கெனவே தயார். கிராபிக்ஸ் கார்டு அதை நொடிக்கு எத்தனை முறை வரைகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. செய்கிறவரின் நாள் வேறு மாதிரி போகிறது. கோடு எழுதுகிறார், கம்பைல் ஆகும்வரை காத்திருக்கிறார், படங்களையும் ஒலிகளையும் எஞ்சினுக்குள் இறக்குகிறார், மறுபடி காத்திருக்கிறார், ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார், பிழையைத் தேடிப் போகிறார். கிராபிக்ஸ் கார்டு முழுமூச்சில் உழைப்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

பெரிய கணினி இல்லாமல் சொல்லிக்கொள்ளும்படியான கேம் வராது என்பது முதல் வாதம். ஸ்டார்டியூ வேலி இதற்கு நேர் பதில். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை ஆண்டு உழைத்து, படம், இசை, கோடு எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். சி ஷார்ப் மொழியில், எக்ஸ்என்ஏ என்ற எளிய கட்டமைப்பில் எழுதப்பட்டது. 2 ஜிபி ரேமும் 256 எம்பி வீடியோ நினைவகமும் இருந்தாலே ஓடும். இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2024-ல் வந்த பலாட்ரோ சீட்டாட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. லவ் என்ற இலவசக் கட்டமைப்பில், லுவா மொழியில், லோக்கல்தங்க் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் செய்தது. மலையேறும் செலஸ்ட் கேமின் முதல் வடிவம் பிக்கோ-8 என்ற கருவியில் 4 நாளில் பிறந்தது. அந்தக் கருவியின் திரை அகலம் 128 பிக்சல், உயரம் 128 பிக்சல், நிறங்கள் பதினாறு.

தமிழருக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் 'வெண்பா'வை டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. 2017-ல் வந்த, 4 ஜிபி ரேம் மட்டுமே கொண்ட நின்டெண்டோ ஸ்விட்சிலும் அது ஓடுகிறது.

"இதெல்லாம் 2டி, எனக்கு அன்ரியலில் 3டி செய்யணும்" என்பார்கள். சரி, அன்ரியலுக்கே போவோம்.

பட்ஜெட்டின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும் என்ற வாதம் அங்கேதான் உடைகிறது. அன்ரியல் எஞ்சின் 4 காலத்தில், தன் அலுவலகத்தில் வழக்கமாகப் புழங்கும் கணினி எது என்பதை எபிக் கேம்ஸ் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. 6 கோர் ஜியான் பிராசசர், 64 ஜிபி ரேம், விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு 2 டிபி எஸ்எஸ்டி. கூடவே கம்பைல் வேலையை நெட்வொர்க்கிலுள்ள மற்றக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இன்கிரெடிபில்ட். கிராபிக்ஸ் கார்டு? ஜிடிஎக்ஸ் 970. 2014 செப்டம்பரில் அந்தக் கார்டு வெளியான அதே நாளில் அதைவிடப் பெரிய 980-ம் வெளியானது. எஞ்சினைச் செய்தவர்களே நடுத்தரத்துக்குச் சற்று மேலான கார்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை நினைவகத்திலும் டிஸ்க்கிலும் பிராசசரிலும் போட்டிருக்கிறார்கள். அன்ரியல் 5-க்கு அவர்கள் பரிந்துரைக்கும் ரேம் 32 ஜிபி. கார்டில் 8 ஜிபி நினைவகம் போதும் என்கிறார்கள்.

ரேமைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அன்ரியலில் கோடு கம்பைல் செய்யும்போது கீழே ஓடும் வரிகளே சொல்லிவிடும். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் 1.5 ஜிபி காலி நினைவகம் வேண்டும் என்று அது கணக்குப் போடும். அவ்வளவு இல்லையென்றால் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன் என்று அங்கேயே எழுதிக் காட்டும். 16 கோர் பிராசசரும் 16 ஜிபி ரேமும் உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ், எடிட்டர், பிரவுசர் எல்லாம் போக 6 ஜிபி காலியாக இருந்தால், ஒரு நேரத்தில் நான்கே வேலைகள்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய பன்னிரண்டு கோர்கள் சும்மா கிடக்கும். மேலே எந்தக் கார்டு பூட்டியிருந்தாலும் இது மாறாது. யூனிட்டி, கோடோ போன்ற மற்ற எஞ்சின்களில் கம்பைல் இவ்வளவு பளு அல்ல. ஆனால் யூனிட்டி புராஜெக்டின் லைப்ரரி ஃபோல்டரில் குவியும் சின்னச்சின்னக் கோப்புகளைப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் படிப்பது என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும். அதே கணினியில் ஒரு எஸ்எஸ்டியை மாட்டினால் கிடைக்கும் நிம்மதி, கார்டை ஒரு படி உயர்த்தினால் கிடைக்காது.

மானிட்டர் விஷயத்தில்தான் அறிவுரை அதிகமாகத் தடம் மாறுகிறது.

4கே வேண்டும் என்பார்கள். 4கேயில் 83 லட்சம் பிக்சல்கள். 1080பி-யில் சுமார் 20.7 லட்சம். நான்கு மடங்கு. எஞ்சினின் வியூபோர்ட்டும் அந்த நான்கு மடங்கை வரைய வேண்டும். அதற்காகவே இன்னும் பெரிய கார்டு, அதற்காகவே இன்னும் பெரிய பவர் சப்ளை என்று செலவு செலவை இழுக்கும். 27 அங்குலத் திரையில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 பிக்சல். எழுத்து பொடியாகிவிடுவதால் விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்ததும் திரையில் கிடைக்கும் இடம் 1440பி அளவுக்குத் திரும்பிவிடுகிறது. எழுத்து கூர்மையாக இருக்கும் என்பது உண்மை, இடம் கூடாது. 27 அங்குலத்தில் 1440பி, அல்லது 24 அங்குலத்தில் 1080பி இரண்டு. இரண்டில் எது என்றால், கேம் செய்கிறவருக்கு இரண்டு சின்னத் திரைகளே மேல். ஒரே திரையில் கேமை முழுத்திரையாக ஓட்டும்போது கோடில் வைத்த பிரேக்பாயிண்ட்டில் அது நின்றுவிட்டால், டிபக்கர் அந்த உறைந்த படத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். பக்கத்தில் இன்னொரு திரை இருந்தால் எந்த வரியில் நின்றது, மாறிகளின் மதிப்பு என்ன என்பதெல்லாம் கண் முன்னே இருக்கும். புரொஃபைலரையும் அங்கேயே திறந்து வைக்கலாம்.

நிறம் இன்னும் முக்கியம். எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1990-களில் முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபிதான் இன்றைக்கும் சாதாரணத் திரைகளின் பொதுமொழி. எச்டிஆரை விட்டால் கேம்கள் அதை நம்பியே வரையப்படுகின்றன. 'விரிந்த நிற எல்லை' என்று விற்கப்படும் பல கேமிங் மானிட்டர்கள், எஸ்ஆர்ஜிபி பயன்முறையைப் போடாவிட்டால், சிவப்பையும் பச்சையையும் உள்ளதைவிடத் தூக்கிக் காட்டும். ஓவியர் அதைப் பார்த்து, "சிவப்பு கூடிப்போச்சு" என்று குறைப்பார். ஆடுகிறவரின் சாதாரணத் திரையில் அதே சிவப்பு வெளிறித் தெரியும். எதிரி இருட்டில் ஒளிந்தால் காட்டிக்கொடுப்பதற்காக, இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் வசதியும் இத்தகைய மானிட்டர்களில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு இரவுக் காட்சிக்கு விளக்கு வைத்தால், மற்றவர் வீட்டில் அந்தக் காட்சி கும்மிருட்டு. விலை குறைந்த விஏ திரைகளில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும்போது ஒரு இழுப்பும் தெரியும். கோணலான தராசில் நிறுத்துப் பழகியவரின் கை போலத்தான், தவறான திரையில் பழகிய கண்ணும். மானிட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஐபிஎஸ் திரையா, எஸ்ஆர்ஜிபி பயன்முறை இருக்கிறதா, நிறப் பிழையின் அளவான டெல்டா ஈ 2-க்குக் கீழே என்ற தொழிற்சாலை அளவீட்டு அறிக்கை பெட்டியில் வருகிறதா என்பவற்றைத்தான். வளைவு தேவையே இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகப் பார்த்து வேலை செய்ய வேண்டியவருக்கு அது இடைஞ்சல்.

144 ஹெர்ட்ஸ் வீணா? அப்படிச் சொல்ல முடியாது. 2014-ல் வந்த டார்க் சோல்ஸ் 2-இன் பிசி பதிப்பில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியவர்களுக்கு, 30 ஃபிரேம் ஓடியவர்களைவிட இருமடங்கு வேகமாக ஆயுதங்கள் தேய்ந்தன. கணக்கு நேரத்தோடு போகாமல் ஃபிரேமோடு போனதால் வந்த பிழை; 2015-ல்தான் சரியானது. நம் கேமிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேகமான திரை ஒன்று உதவும். ஆனால் வி-சிங்கை அணைத்து ஃபிரேம் வேகத்தை 30, 60, 144 என்று கோடிலேயே கட்டிவைத்து ஓட்டினாலும் அந்தப் பிழை பிடிபடும். அதற்குத் திரை வேகமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழுவில் ஒருவரிடம் அப்படி ஒரு மானிட்டர் இருந்தால் நிறைவு.

"பெரிசா வாங்கிட்டா பின்னாடி கவலை இல்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். கவலை அங்கேதான் தொடங்குகிறது. சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பர் 10. பிஎஸ்4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது தள்ளாடியதில், சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. திரும்பி வர 2021 ஜூன் ஆனது. பிசியில் பிரமாண்டமாகக் காட்ட முதலில் செய்துவிட்டு, பிறகு பழைய கன்சோல்களுக்குச் சுருக்க முயன்றதையே காரணங்களில் ஒன்றாக சிடி புராஜெக்ட் நிறுவனம் வெளியீட்டுக்கு அடுத்த மாதமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்னே, 2006-ல் வந்த டெட் ரைசிங் கேமின் எழுத்துகள் பழைய டிவிகளில் படிக்கவே முடியாத அளவுக்குப் பொடியாக இருந்தன; எச்டி திரையை மனத்தில் வைத்துத் தீர்மானித்த எழுத்தளவு அது.

இன்றைக்கும் ஸ்டீமின் வன்பொருள் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களின் திரை 1080பி-தான். ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியின் திரை 1280 பெருக்கல் 800. 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.6 மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் புகையும் கண்ணாடியும் அடுக்கி ஒரே பிக்சலைப் பத்து முறை வரைய வைக்கும் தவறை ஆர்டிஎக்ஸ் 4090 சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பிராசசரோடு ஒட்டிய சாதாரண கிராபிக்ஸ் அதை உடனே காட்டிக்கொடுக்கும். பிழை வாரக் கடைசியில் தெரிவதைவிட அன்றைக்கே தெரிவது எத்தனையோ மேல்.

நம் ஊரில் கேம் என்றால் அது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனில்தான். போன் கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் நிமிடத்தில் 60 ஃபிரேம் வந்த கேம் போகப்போகத் திணறும். எந்த டெஸ்க்டாப்பிலும் இது தெரியாது. கார்டில் ஒரு படி இறங்கி மிச்சம் பிடிக்கும் பணத்தில், விலை குறைந்த பழைய போன்கள் இரண்டு வாங்கி மேசையில் வைத்துக்கொள்வது நல்ல செலவு.

பெரிய கார்டு நிஜமாகவே தேவைப்படும் வேலைகளும் இருக்கின்றன. அன்ரியல் 5-இன் லூமென், நானைட் வசதிகளை நம்பிச் செய்கிறவர்கள், ரே டிரேசிங் செய்கிறவர்கள், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே படம் வரைய வேண்டிய விஆர் செய்கிறவர்கள், பிளெண்டரில் சைக்கிள்ஸ் கொண்டு காட்சிகளை ரெண்டர் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். அவர்களும் வேகத்தைவிடக் கார்டின் நினைவகத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. காட்சி அதில் அடங்காவிட்டால் வேகத்தால் பலனில்லை.

ஐபோனுக்குக் கேம் செய்ய நினைப்பவர்களிடம் கேமிங் பிசி அறிவுரை சொல்லாமல் விடுவது இன்னொன்று. ஆப் ஸ்டோருக்கான பில்டை எக்ஸ்கோடில் செய்ய வேண்டும், எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும். விண்டோஸ் கணினிக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு வெளியீட்டு வாரத்தில் மேக் தேடி அலைவதைவிட, ஒரு பழைய மேக் மினிக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கிவைக்கலாம். வாங்குவதற்கு முன், ஆப் ஸ்டோர் இப்போது கேட்கும் எக்ஸ்கோட் பதிப்பு எது, அதற்கு வேண்டிய மேக்ஓஎஸ்ஸை அந்த மாடல் ஏற்குமா என்ற இரண்டையும் கடையிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.