கொம்பு கடைசியில்தான்

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவருக்கு வேட்டையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அலாஸ்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்களுடன் பேச வாய்த்தது. பல வருடம் ஆட்டிறைச்சியைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். அதனால் துப்பாக்கிக் கதையைவிட, சுட்ட பிறகு இறைச்சியை என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்டேன்.

மூஸ் என்பது மான் இனத்திலேயே பெரியது, குதிரையைவிட உயரம். நன்கு வளர்ந்த கிடாவில் சுமார் 225 கிலோ இறைச்சி தேறும். எலும்போடு ஒரு பின்னந்தொடையே 45 கிலோவைத் தாண்டும். சாலையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே சுட்டால், எட்டு நடை சுமக்க வேண்டும் என்று வையுங்கள். போக வர 75 கிலோமீட்டர். அதுவும் சதுப்பு நிலத்தில்.

"குளிர்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோலோடு விட்டுவிட்டு வருகிறவர்கள் அங்கேயும் உண்டு. கம்பளி போர்த்திய சோற்றுப்பானை எத்தனை நேரம் சூடாக இருக்கும்? அதேதான். அந்த அடர்ந்த ரோமத்துக்குள், முக்கியமாக இடுப்பு மூட்டைச் சுற்றி, உடல் சூடு இறங்கவே இறங்காது. தரையில் படிந்த பக்கம் இன்னும் மோசம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும்; வெட்டினால் எலும்பை ஒட்டி நாற்றம் அடிக்கும்.

உடனே தோலை உரித்து, தொடைகளைப் பிரித்து, காற்றோடும் பருத்திப் பையில் நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. மேற்பரப்பு காய்ந்து ஒரு படலம் கட்டினால் ஈயும் கிருமியும் எளிதில் அண்டாது. குடலைப் போட்ட இடத்திலிருந்து தள்ளித் தொங்கவிடுவது கரடிக்காக. மூன்றாம் நடைக்குத் திரும்பும்போது அது உரிமை கொண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த மாநிலச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. கொம்பை முதலில் தூக்கிக்கொண்டு வர முடியாது. கடைசிச் சுமையோடுதான் வர வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவந்தால் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். கடுமை என்று முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமக்க ஆளில்லாதவன், நாளும் தூரமும் கணக்குப் பார்க்காதவன், விசையில் விரல் வைக்கவே கூடாது. ஓர் உயிரை எடுத்துப் பாதியை அழுகவிட்டு, கொம்பைக் கூடத்தில் மாட்டுவது என்ன வீரம்?

சில பகுதிகளில் எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சுமை கூடுகிறது என்று பலருக்குக் கோபம். நான் விதியின் பக்கம். துண்டு போட்ட இறைச்சியில் மண்ணும் கிருமியும் ஒட்டப் பரப்பு அதிகம். வெயில் நாளாக இருந்தால், எலும்பை எடுக்காமலே அதை ஒட்டிக் கத்தியால் ஆழமாகப் பிளந்துவிட்டால் போதும். உள்சூடு வெளியே வந்துவிடும்.