'டிக் டிக்' கேட்கவில்லை
சித்தப்பாவின் 1967 எம்ஜிபி ஆறு மாதமாகச் சும்மா நின்றது. "பம்ப் செத்துப்போச்சு, வித்துடலாம்பா" என்றார்.

அந்தக் காடியில் மின்சார பெட்ரோல் பம்ப், பின்னால் வலது சக்கரத்துப் பக்கம் இருக்கும். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று வேகமாக அடித்து, இரண்டு கார்புரேட்டரும் நிறைந்ததும் அடங்க வேண்டும். விடாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. எங்களுக்கோ ஒரே மௌனம். வானொலியில் மூன்று விநாடி மௌனத்துக்கே எனக்கு வியர்க்கும்!

வயரில் மின்சாரம் வந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்ப் மூடியைத் திறந்தால் காண்டாக்ட் பாயின்ட் கறுத்துக் கிடந்தது. மெல்லிய சேண்ட் பேப்பரால் தேய்த்தோம். (ஸ்பேனரால் தட்டினாலும் சில நேரம் ஓடும், நடுவழியில் காலை வாரும்.)

மறுபடி சாவி. டிக் டிக் டிக்... அடங்கியது.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. விற்பனை விளம்பரத்துக்கு எழுதிவைத்திருந்த தாளில் கையைத் துடைத்துக்கொண்டார்.